டிரெண்ட் சோறு போடாது

சமூக ஊடக மார்க்கெட்டிங் மாநாட்டுக்கு வருடத்துக்கு ஒரு தடவையாவது போய்வராத வியாபாரி காணாமல் போய்விடுவார் என்ற பேச்சு சென்னையில் கிளம்பி, மதுரை, திருநெல்வேலி தாண்டி, இப்போது தென்காசி மாவட்டத்துத் திருவேங்கடம் வரை வந்துவிட்டது. தீப்பெட்டி ஆபீஸ் நடத்துபவரிடம் சொல்கிறார்கள். விசைத்தறியில் சேலை நெய்து விற்பவரிடம் சொல்கிறார்கள். வீட்டில் சேவும் முறுக்கும் சுட்டு விற்கும் மகளிர் குழுப் பெண்களிடமும் சொல்கிறார்கள். “சரக்கு நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி, ஆனா டிரெண்ட் புடிக்கத் தெரியலையே உங்களுக்கு” என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போனால், இத்தனை வருடம் தொழில் செய்தவருக்கு அன்று ராத்திரி தூக்கம் வருவதில்லை.

அந்தப் பேச்சை மறுக்கத்தான் இதை எழுதுகிறேன். இந்தக் கரிசல் பூமியில் மழையை நம்பி மக்காச்சோளமும் உளுந்தும் பருத்தியும் போடுகிறவர்களுக்கும், தீப்பெட்டி, பட்டாசு வேலைக்குப் போகிறவர்களுக்கும் நடுவே சொந்தமாக ஒரு சிறு தொழில் நடத்துபவர், ஏற்கெனவே பல கவலைகளைச் சுமந்துகொண்டிருக்கிறார். அவர் தலையில் இல்லாத ஒரு பயத்தையும் ஏற்றி, அதற்குக் கட்டணமும் வாங்குவது நியாயமில்லை.

எதிர்த்தரப்பின் வாதத்தை முதலில் ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். அவர்கள் சொல்வது மூன்று. வாடிக்கையாளர் இன்று போனில்தான் இருக்கிறார். அந்த போனுக்குள் நுழைய சமூக ஊடகம்தான் செலவு குறைந்த வழி. அங்கே பெரிய கம்பெனியும் சிறிய கடையும் ஒன்றுதான். மூன்றாவது, அந்த வழி மாதத்துக்கு மாதம் மாறுகிறது. எப்படி மாறும் என்பதை முன்கூட்டியே அறிந்தவர்கள் மாநாட்டு மேடையில் பேசுகிறார்கள். முதலாவது உண்மை. இரண்டாவது ஒரு காலத்தில் உண்மையாக இருந்தது. மூன்றாவது பொய். மாநாட்டு வியாபாரம் முழுவதும் அந்த மூன்றாவதன் மேல்தான் நிற்கிறது என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பத்துப் பன்னிரண்டு வருடங்களாக இந்தத் துறை சொன்ன ஆரூடங்கள் எத்தனை பலித்தன என்று பார்க்கலாம். 2015, 2016-இல் உலகம் முழுக்க ஒரே குரல்: இனி எல்லாம் வீடியோதான், எழுத்து செத்தது. அந்தக் குரலுக்கு ஃபேஸ்புக் கொடுத்த எண்கள் பெரிய பலமாக இருந்தன. 2016 செப்டம்பரில் அதே ஃபேஸ்புக், மக்கள் வீடியோ பார்க்கும் சராசரி நேரத்தை இரண்டு வருடமாகக் கூட்டிக் காட்டிவிட்டோம் என்று ஒப்புக்கொண்டது. மூன்று வினாடிக்கு மேல் பார்த்தவர்களை மட்டும் கணக்கில் எடுத்துச் சராசரி போட்டிருந்தார்கள். 60 முதல் 80 சதவீதம் வரை எண் வீங்கியிருக்கலாம் என்று விளம்பரக் கம்பெனிகளிடம் அவர்களே சொன்னார்கள். விளம்பரதாரர்கள் போட்ட வழக்கில் 2019-இல் 4 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டார்கள். அதற்குள் அந்த எண்களை நம்பி, எழுதத் தெரிந்தவர்களை வேலையை விட்டு அனுப்பிய பத்திரிகை நிறுவனங்கள் பல.

அடுத்து டிக்டாக். கிராமத்துத் திறமைக்கும் சிறு வியாபாரத்துக்கும் அதுதான் வாசல் என்றார்கள். 2020 ஜூன் 29-ஆம் தேதி மத்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்தது. அதில் டிக்டாக்கும் ஒன்று. நாட்டில் சுமார் 20 கோடிப் பேர் பயன்படுத்திய செயலி அது. அதில் மூன்று வருடம் சேர்த்த கூட்டம் ஒரே ராத்திரியில் கைவிட்டுப் போனது. 2021-இல் கிளப்ஹவுஸ். தமிழிலும் விடிய விடியப் பேசினார்கள். ஒரு வருடம்கூட அந்த வேகம் நிற்கவில்லை. 2021 அக்டோபரில் ஃபேஸ்புக் தன் பெயரையே மெட்டா என்று மாற்றிக்கொண்டது. இனி கடையெல்லாம் மெட்டாவெர்ஸில்தான் என்றார்கள். இன்று திருவேங்கடத்தில் யாராவது மெட்டாவெர்ஸில் சேலை வாங்குகிறார்களா? சென்னையில்தான் வாங்குகிறார்களா? ட்விட்டருக்கு மாற்று என்று கொண்டாடப்பட்ட நம் நாட்டின் ‘கூ’ 2024 ஜூலையில் மூடப்பட்டது.

ஆரூடம் பொய்ப்பது குற்றமில்லை. பொய்த்த ஆரூடத்துக்கு யாரும் கணக்குச் சொல்லாததுதான் குற்றம். போன வருடம் மேடையில் ஒன்றைச் சத்தியம் செய்தவர் இந்த வருடம் வேறொன்றைச் சத்தியம் செய்கிறார். “போன வருடம் சொன்னதைக் கேட்டு நான் போட்ட பணம் என்னாயிற்று?” என்று கேட்க அங்கே இடமில்லை. இவர்கள் முன்னறிந்து சொல்கிறவர்களே இல்லை. கலிபோர்னியாவில் நாலைந்து நிறுவனங்கள் தங்கள் லாபத்துக்காக எடுக்கும் முடிவை, எடுத்த பிறகு, நமக்கு விளக்கிச் சொல்கிறவர்கள். விளக்கம் ஒரு சேவைதான். அதைத் தீர்க்கதரிசனம் என்று விற்கக்கூடாது.

இரண்டாவது வாதத்துக்கு வருகிறேன்: சமூக ஊடகம் இலவசம், அங்கே எல்லோரும் சமம். 2012, 2013-இல் ஒரு ஃபேஸ்புக் பக்கத்தைத் தொடங்கியவர்களுக்கு இது உண்மையாக இருந்தது. 2018 ஜனவரியில் மார்க் சக்கர்பெர்க் வெளிப்படையாகவே அறிவித்தார்: நண்பர்கள், குடும்பத்தாரின் பதிவுகளுக்கு முன்னுரிமை, வியாபாரப் பக்கங்கள், ஊடகங்களின் பதிவுகள் குறைவாகத் தெரியும். அதன் பொருள், நாம் பாடுபட்டுச் சேர்த்த ஃபாலோயர்களிடமே நம் பதிவு போக வேண்டுமென்றால் காசு கட்ட வேண்டும் என்பதுதான். மெட்டாவின் 2024-ஆம் வருட வருமானம் 16,400 கோடி டாலருக்கு மேல். அதில் நூற்றுக்கு 97 பங்குக்கு மேல் விளம்பரக் காசு. இலவசமாகக் கொடுக்கிறவருக்கு இவ்வளவு காசு எங்கிருந்து வந்தது என்று யோசித்தாலே வாதம் விழுந்துவிடும்.

அந்தக் காசு ஏலத்தில் போகிறது. தீபாவளிக்கு முந்தைய வாரம் சங்கரன்கோவில் சேலைக்காரர் ‘பூஸ்ட்’ பொத்தானை அழுத்தும்போது, அதே பெண் வாடிக்கையாளரின் கண்ணுக்காகச் சென்னை தியாகராய நகரின் பெரிய ஜவுளிக்கடைகளும் நகைக்கடைகளும் ஏலம் கேட்டுக்கொண்டிருக்கின்றன. இவர் 500 ரூபாய் வைத்திருக்கிறார். அவர்களிடம் அதற்கென்றே ஒரு துறை இருக்கிறது. இதைச் சமம் என்று சொல்ல மனசாட்சி இடம் கொடுக்குமா?

“வைரல் ஆனால் விற்கும்” என்பது மாநாடுகளின் இன்னொரு வேதவாக்கு. நம் வட்டாரத்தின் தொழில்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் அது எவ்வளவு பலவீனமானது என்று தெரியும். தீப்பெட்டியை எடுங்கள். கோவில்பட்டி, சாத்தூர், கழுகுமலை, திருவேங்கடம் என்று இந்தப் பக்கமெல்லாம் பிழைப்பு கொடுத்த தொழில். 14 வருடம் ஒரு ரூபாய்க்கே விற்ற தீப்பெட்டி, 2021 டிசம்பர் 1 முதல்தான் இரண்டு ரூபாயானது. மூலப்பொருள் விலை ஏறி, உற்பத்தியாளர்கள் கூடிப் பேசி எடுத்த முடிவு. அந்தத் தொழிலை அரித்துக்கொண்டிருந்தது மலிவான லைட்டர். சங்கங்கள் திரும்பத் திரும்ப மனுக் கொடுத்ததன் பலனாக, 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர்களின் இறக்குமதியை மத்திய அரசு 2023 ஜூனில் தடை செய்தது. தொழிலுக்கு மூச்சு வந்தது அங்கேதான். ஆயிரம் ரீல்ஸ் போட்டிருந்தாலும் அந்த மூச்சு வந்திருக்காது. சேர்ந்து நின்று மனுக் கொடுப்பது எந்த டிரெண்ட் பட்டியலிலும் இல்லை.

புளியங்குடி எலுமிச்சையை எடுங்கள். 2025-இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. ஆனால் விவசாயிக்கு இன்று கிலோவுக்கு என்ன கிடைக்கும் என்பதை மார்க்கெட் வரத்தும் கேரளத்து வியாபாரியின் கொள்முதலும் தீர்மானிக்கின்றன. குற்றாலத்தை எடுங்கள். அங்கே கடை போட்டிருப்பவரின் வருடம் சாரல் விழும் ஜூன், ஜூலை, ஆகஸ்டில் அடங்கியது. தென்மேற்குப் பருவமழை ஏமாற்றினால் எத்தனை இன்ஃப்ளூயன்சர் வந்தும் பயனில்லை. செங்கோட்டை பார்டர் கடைப் பரோட்டாவின் பெயர் யூடியூப் பிறப்பதற்கு முன்பே சீசனுக்கு வந்தவர்களின் வாயில் ஊர் ஊராகப் போய்விட்டது. கேமரா பிறகுதான் வந்தது.

திருவேங்கடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டால் அதற்குள் கோவில்பட்டி கடலைமிட்டாய், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, சாத்தூர் சேவு என்று ஊர்ப்பெயரோடு ஒட்டிய தின்பண்டங்கள் இருக்கின்றன. பால்கோவாவுக்கு 2019-இலும் கடலைமிட்டாய்க்கு 2020-இலும் புவிசார் குறியீடு கிடைத்தது. பஸ் ஸ்டாண்டிலும் ரயிலடியிலும் வாங்கி, சொந்தக்காரர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, “எங்க வாங்குனீங்க?” என்று அவர்கள் கேட்டு வளர்ந்த பெயர்கள் இவை. ஒரே ருசியைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றியதற்குக் கிடைத்த பெயர்கள். டிரெண்ட் என்பதன் இயல்பே மாறுவது. இந்த ஊர்களின் பெயர் நிலைத்தது மாறாமல் இருந்ததால்.

தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் சோகோ நிறுவனத்தின் அனுபவமும் இதைத்தான் சொல்கிறது. அதன் ‘அரட்டை’ செயலி 2021-இல் வெளிவந்தது. 2025 செப்டம்பர் கடைசியில் மத்திய அமைச்சர்கள் பாராட்டியதும் நாடே பதிவிறக்கியது. செயலிகளின் தரவரிசையில் முதலிடத்துக்குப் போனது. சில வாரங்களில் அந்த அலை இறங்கிவிட்டது. சோகோ பல வருடமாக உலகமெங்கும் சம்பாதித்து வந்திருப்பது இந்த மாதிரி அலையில் இல்லை. நிறுவனங்கள் தினமும் பயன்படுத்தி, வருடா வருடம் சந்தா கட்டும் மென்பொருளில். மெனக்கெட்டுச் செய்த சரக்குதான் அங்கேயும் சோறு போடுகிறது.

“வெற்றிக் கதைகள் கண்முன்னே இருக்கின்றனவே” என்பார்கள். புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்தின் ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’ பெயரைத் தவறாமல் எடுப்பார்கள். 2018-இல் தொடங்கி, 2021 ஜூலையில் ஒரு கோடி சந்தாதாரர்களை எட்டிய முதல் தமிழ் யூடியூப் சேனல். அப்போது முதல்வரின் கொரோனா நிவாரண நிதிக்குப் 10 லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். அதில் சமைத்துக் காட்டும் தாத்தாவையும் பேரன்களையும் நானும் மனசாரக் கொண்டாடுகிறேன். ஆனால் அவர்கள் விற்பது வீடியோவை. அதுதான் அவர்கள் தொழில், அதில்தான் முழு உழைப்பும். முறுக்கு விற்பவர் முறுக்கை விற்க வேண்டும். வீடியோ அவருக்குத் துணை. இந்த இரண்டையும் ஒன்றாக்கி, அவரைப் பாதி நாள் கேமராவுக்கு முன்னால் நிறுத்தினால் எண்ணெய்ச் சட்டியை யார் பார்ப்பது? தவிர, அந்தச் சேனல் உருவானது வயல்வெளியில், தங்களுக்குத் தெரிந்த சமையலைத் தங்கள் பேச்சில் செய்து காட்டியதில். அது மாநாட்டுப் பாடத்துக்கு எடுத்துக்காட்டாகாது.

இதுவரை சொன்னதெல்லாம் பண நஷ்டம். இனிச் சொல்வது எனக்குக் கோபம் வரும் இடம். பட்டாசை 2018 அக்டோபர் 23-ஆம் தேதித் தீர்ப்பில் உச்சநீதிமன்றம் இணைய வணிகத் தளங்களில் விற்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. ஆனாலும் ஒவ்வொரு தீபாவளிக்கும் முன்னால் ஃபேஸ்புக்கையும் இன்ஸ்டாகிராமையும் திறந்தால் “சிவகாசி ஃபேக்டரி விலை, 80 சதவீதத் தள்ளுபடி” என்று வரிசையாக விளம்பரம். கிஃப்ட் பாக்ஸ் படம், வாட்ஸ்அப் நம்பர், ஜிபே. பணம் போனதும் போன் அணைந்துவிடும். தமிழ்நாடு காவல்துறையின் சைபர் குற்றப்பிரிவு இதைப் பற்றிப் பொதுமக்களை எச்சரித்திருக்கிறது. ஏமாந்தவர்கள் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். ஏமாற்றியவன் எந்த மாநிலத்தில் உட்கார்ந்திருக்கிறானோ தெரியாது. கெட்டுப்போவது சிவகாசியின் பெயரும், அதைச் சுற்றி நேர்மையாகத் தொழில் செய்பவர்களின் பெயரும். அடுத்த வருடம் உண்மையான கடைக்காரர் போன் எடுத்தாலும் “முதல்ல சரக்கு வரட்டும்” என்கிறார் வாடிக்கையாளர். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

அந்த மோசடி விளம்பரத்துக்கும் தளம் காசு வாங்கித்தான் போட்டது. மோசடி விளம்பரங்கள், தடை செய்யப்பட்ட பொருட்களின் விளம்பரங்கள் மூலம் 2024 வருமானத்தில் சுமார் 10 சதவீதம், அதாவது 1,600 கோடி டாலர் வரும் என்று மெட்டா தனக்குள்ளேயே மதிப்பிட்டிருந்ததாக, அந்நிறுவனத்தின் உள் ஆவணங்களை வைத்து ராய்ட்டர்ஸ் 2025 நவம்பரில் செய்தி வெளியிட்டது. அது தோராயமான, மிகைப்பட்ட மதிப்பீடு என்று மெட்டா பதில் சொன்னது. பாதியாகவே வைத்துக்கொள்வோம், அதுவும் எத்தனை குடும்பங்களின் பணம்! சமூக ஊடக விளம்பரத்தைப் பற்றிப் பேச ஒரு மாநாடு கூடுகிறதென்றால் முதல் அமர்வே இதைப் பற்றி இருக்க வேண்டாமா? நம் வியாபாரியின் சந்தையை நாசமாக்குவது டிரெண்ட் தெரியாதது இல்லை, இந்த மோசடிதான். ஆனால் இந்தத் தளங்களே ஸ்பான்சராக நிற்கும் மேடையில் இந்தக் கேள்வியை யார் எழுப்புவார்?

சரி, போனில் இருக்கும் வாடிக்கையாளரை எப்படிப் பிடிப்பது? குருவிகுளம் பக்கம் வீட்டில் பலகாரம் செய்து விற்கும் ஒரு அக்கா செய்வதைப் பார்த்தேன். வாட்ஸ்அப் பிசினஸ் வைத்திருக்கிறார். பக்கத்தில் ஒரு நீளமான கணக்கு நோட்டு. பெயர், ஊர், நம்பர், என்ன வாங்கினார்கள், எப்போது, கடைசியில் ஒரு குறிப்பு: “காரம் கம்மி”, “பேரனுக்கு எள்ளுருண்டை”, “சித்திரையில் கல்யாணம்”. ஒரு பார்சலில் முறுக்கு நொறுங்கிப் போய்ச் சேர்ந்ததென்று படம் வந்ததும், பேச்சே இல்லாமல் அன்றே வேறொன்றைக் கூரியரில் போட்டார். அவருடைய பிராட்காஸ்ட் பட்டியல்தான் அவருடைய மார்க்கெட்டிங். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். அதில் ஒரு விஷயம் உண்டு: அவருடைய நம்பரைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அந்தச் செய்தி போய்ச்சேரும். ஒருவர் நம் நம்பரைச் சேமித்து வைக்கிறார் என்றால் மறுபடியும் வாங்குவேன் என்று சொல்லிவிட்டார் என்று பொருள். பத்தாயிரம் லைக்கை விட அப்படி இருநூறு பேர் மேல்.

அந்தப் பட்டியலும் மெட்டாவின் செயலியில்தானே இருக்கிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2021 அக்டோபர் 4-ஆம் தேதி ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் சுமார் ஆறு மணி நேரம் உலகம் முழுக்க முடங்கின. ஆனால் நோட்டு முடங்காது. நம்பர் கையில் இருந்தால் சாதாரண போனில் கூப்பிடலாம். டிக்டாக் மூடியபோது ஃபாலோயர்களை இழந்தவர்களிடம் இல்லாமல் போனது இந்த நோட்டுதான்.

இந்த மாநாடுகளால் யாருக்குமே பயனில்லை என்று நான் சொல்ல மாட்டேன். விளம்பரமே தொழிலாக வைத்திருப்பவர்கள், ஏஜென்சி நடத்துபவர்கள், பெரிய நிறுவனத்தில் அந்த வேலை பார்ப்பவர்கள் போக வேண்டியதுதான். தங்கள் துறைக்காரர்களைச் சந்திப்பார்கள், வேலை கிடைக்கும், புதுக் கருவிகளைப் பார்ப்பார்கள். எந்தத் தொழிலுக்கும் அது தேவை. அவர்களுக்கு உரிய பாடத்தைக் கரிசல்காட்டு உற்பத்தியாளரின் தலையில் கட்டுவதைத்தான் எதிர்க்கிறேன். சங்கரன்கோவிலில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறி, எழும்பூரில் இறங்கி, ரூம் போட்டு, கட்டணம் கட்டி, இரண்டு நாள் கடையைப் பூட்டிவிட்டு வருபவருக்கு அங்கே காட்டப்படுவது சோப்புக் கம்பெனியும் செல்போன் கம்பெனியும் கோடிகளில் செய்த விளம்பரங்கள், அதுவும் ஆங்கிலத்தில். அவர் திரும்பி வரும்போது கையில் இருப்பது ஒரு துணிப்பையும், தான் எதற்கும் லாயக்கில்லை என்ற நினைப்பும். இரண்டாவதுதான் பெரிய நஷ்டம்.

அவருக்குத் தேவையான பாடம் வேறு, அதற்கு ஒரு பகல் போதும். பாக்கெட்டில் எடை, விலை, தேதி, முகவரி, போன் நம்பர் சரியாக அச்சிடுவது. உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு. கூகுள் மேப்பில் கடையைச் சேர்ப்பது. வாட்ஸ்அப்பில் பொருட்பட்டியல் போடுவது. உடையாமல் பார்சல் கட்டுவது. பணம் வந்ததாகப் போலி ஸ்கிரீன்ஷாட் அனுப்புபவனைக் கண்டுபிடிப்பது. காசு வாங்கிக்கொண்டு பாராட்டும் இன்ஃப்ளூயன்சர் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பது மத்திய அரசு 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல். தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இடமுண்டு. கடைக்கு வந்து “ரிவ்யூ போடட்டுமா?” என்று காசு கேட்பவரிடம் பேச இந்த விவரம் தெரிந்திருக்க வேண்டும்.

இதைச் சொல்லித்தர நம்மிடம் அமைப்புகள் உண்டு. மாவட்டத் தொழில் மையம் இருக்கிறது. மகளிர் திட்டம் இருக்கிறது. சென்னை கிண்டியில் தமிழ்நாடு தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனம் டிஜிட்டல் மார்க்கெட்டிங் பயிற்சிகளை நடத்திவருகிறது. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானது, அரசு அலுவலகம் மக்களுக்குப் பக்கத்தில் வரவேண்டும் என்பதற்காகத்தான். அந்தப் பயிற்சி திருவேங்கடத்துக்கு வரட்டும். ஒரு கல்யாண மண்டபம் போதும். தமிழில் நடக்கட்டும். பேச வருகிறவர், தான் விற்ற பொருளின் வரவு செலவையும், திரும்பி வந்த சரக்கையும் சேர்த்துக் காட்டட்டும்.

அதுவரை, மாநாட்டு அழைப்போடு வருபவரிடம் நம் வியாபாரிகள் நான்கு கேள்வி கேட்க வேண்டும். என் அளவில் தொழில் செய்பவர் யாராவது மேடையில் இருக்கிறாரா? போன வருடம் சொன்னதில் எது பலித்தது? மோசடி விளம்பரத்தைப் பற்றி அமர்வு உண்டா? என் வாடிக்கையாளர் ஒருவரை இரண்டாவது தடவை வாங்க வைக்க என்ன சொல்லித்தருவீர்கள்? பதில் வராவிட்டால் கட்டணத்தைக் கட்டாதீர்கள். அந்தப் பணத்துக்கு நல்ல எண்ணெய் வாங்குங்கள், நல்ல நூல் வாங்குங்கள், வேலைக்கு வருபவர்களுக்குக் கூலியைக் கூட்டிக் கொடுங்கள். அது உங்கள் சரக்கில் தெரியும். சரக்கில் தெரிந்தால் ஊர் பேசும்.